ஏதோ தவறு நடந்துவிட்டதாம்!

ராத்திரி பத்தரை மணி. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் கொடுத்தே ஆகவேண்டிய ப்ராஜெக்ட். மொத்தம் எட்டுப் பக்கம். மகள் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையும் பிரின்டரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பட்டனை அமுக்குகிறேன். பிரின்டர் ஒரு தரம் முனகியது. அப்புறம் சப்தமே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி வந்தது.

'ஏதோ தவறு நடந்துவிட்டது. பிறகு முயற்சிக்கவும்.'

எது தவறு? யார் செய்தது? பிறகு என்றால் எத்தனை மணிக்கு? ராகுகாலம் கழித்தா? ஒரு விவரமும் கிடையாது. காகிதம் இருக்கிறது. மின்சாரம் இருக்கிறது. மை இருக்கிறது. நேற்று சாயங்காலம் வரை ஒழுங்காக வேலை செய்த மெஷின்.

மறுநாள் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போன் போட்டேன். பாட்டு கேட்டேன். ஒன்றை அமுக்கினேன், நான்கை அமுக்கினேன், மறுபடி பாட்டு கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தார். மிகவும் மரியாதையான பெண்.

"ஸார், நீங்க வெளி இங்க் போட்டிருக்கீங்க ஸார்."

"நாலு மாசமா அதைத்தாம்மா போட்டிருக்கேன். வேலை செஞ்சுதே?"

"முந்தாநாள் அப்டேட் வந்திருக்கு ஸார்."

"நான் அப்டேட் பண்ணவே இல்லையே?"

"அதுவே பண்ணிக்கும் ஸார்."

கவனியுங்கள். காசு கொடுத்தது நான். மின்சாரக் கட்டணம் கட்டுவது நான். தூசு தட்டுவது நான். ஆனால் ராத்திரியில் எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள் வந்து, என் மெஷினிடம், 'இனிமேல் இந்தாளு ஊற்றும் மையைக் குடிக்காதே' என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போக இன்னொருவருக்கு உரிமை இருக்கிறது. அதைவிடக் கொடுமை, என்ன நடந்தது என்பதைக்கூட மெஷின் என்னிடம் சொல்லாது. ஏதோ தவறு. அவ்வளவுதான்.

இந்த வாரம் இந்த 'ஏதோ'வைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இது பிரின்டர் சமாசாரம் மட்டும் இல்லை.

1996-க்குப் போகலாம். நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். மாலை வேளைகளில் மாம்பலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எடுபிடி. அங்கே ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. விண்டோஸ் எல்லாம் கிடையாது, டாஸ். பக்கத்தில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். அது ஓட ஆரம்பித்தால் மாடி வீட்டுக் குழந்தை அழும்.

ஒரு நாள் ட்ரயல் பேலன்ஸ் அச்சடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். ஒவ்வொரு வரியும் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போய், பற்று எது, வரவு எது என்று தெரியாமல் பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி வந்து விழுந்தது. அங்கே சீனியர் கணக்காளர் ஒருவர். பத்தாவதுக்கு மேல் படித்தவர் இல்லை. எழுந்து வந்தார். கீபோர்டில் ஒற்றை விரலால் ஒரு வரி தட்டினார்.

மோட் எல்பிடி1:132,8

மறுபடி அடித்தேன். எழுத்தெல்லாம் சிறுத்து, வரிகளெல்லாம் நெருங்கி, மொத்தக் கணக்கும் கச்சிதமாக ஒரே அகலத்தில் வந்து உட்கார்ந்தது.

"மந்திரம் மாதிரி இருக்கே ஸார்?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல தம்பி. மெஷினுக்குப் புத்தி கிடையாது. நாமதான் சொல்லணும்."

அப்புறம் விளக்கினார். எல்பிடி1 என்பது பிரின்டர் செருகியிருக்கும் வாசலின் பெயர். சாதாரணமாக வரிக்கு 80 எழுத்து. அதை 132 ஆக்கச் சொல்கிறோம். ஓர் அங்குலத்துக்கு 6 வரி. அதை 8 ஆக்கச் சொல்கிறோம். 11 அங்குலத் தாளில் 66 வரிகளுக்குப் பதில் 88 வரி. நாலு தாளில் அடிக்கவேண்டியது மூன்று தாளில் முடிந்துவிடும். ஆடிட்டர் ஆபீஸில் மார்ச் மாதம் எத்தனை கட்டுத் தாள் செலவாகும், அதில் கால்வாசி மிச்சம் என்றால் எவ்வளவு காசு என்று மனக்கணக்காகவே சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் மீது மரியாதை வந்தது. வணிகவியல் மாணவனுக்குக் காசுக் கணக்கில் சொன்னால்தானே எதுவும் புரியும்?

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதில் இப்படிப் பத்துப் பதினைந்து வரிகள். பிரின்டருக்கு 15 என்ற எண்ணை அனுப்பினால் எழுத்து ஒடுங்கும். 18 அனுப்பினால் பழையபடி விரியும். இதையெல்லாம் எங்கே பிடித்தார்? பிரின்டரோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அத்தனையும் அச்சடித்திருந்தது. ரகசியம் எதுவும் இல்லை. மெஷினை விற்றவன், அதை ஆட்டிவைக்கும் சூட்சுமத்தையும் கூடவே விற்றிருந்தான்.

டாஸின் அழகு இதுதான். கம்ப்யூட்டரில் செருகிய ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பெயர். பிரின்டருக்கு பிஆர்என். திரையும் கீபோர்டும் சேர்ந்தால் கான். சீரியல் வாசல்களுக்கு காம்1, காம்2. ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலுக்குக் காப்பி செய்வதுபோலவே பிரின்டருக்கும் காப்பி செய்யலாம். அடித்துவிடும். அந்தக் காலத்து ஈமெயில்களில் ஒரு புதிர் சுற்றிவந்தது, ஞாபகமிருக்கிறதா? விண்டோஸில் 'கான்' என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, ஏன் என்று மைக்ரோசாஃப்டுக்கே தெரியாது என்று. சும்மா கதை. டாஸ் காலத்தில் கீபோர்டுக்கும் திரைக்கும் வைத்த பெயர் அது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கூப்பிடுவதில் குழப்பம் வருமே? அதனால் அனுமதி இல்லை. தீர்ந்தது மர்மம்.

மோடம் போன்ற சாதனத்தோடு பேச வேண்டுமா? மோட் காம்1:9600,என்,8,1. வினாடிக்கு 9,600 பிட் வேகம். சரிபார்க்கும் பிட் வேண்டாம். ஓர் எழுத்துக்கு 8 பிட். முடிவைக் காட்ட 1 பிட். இரண்டு பக்கமும் இதே ஒப்பந்தத்தில் இருந்தால் பேச்சு நடக்கும். ஒரு பக்கம் வேகம் மாறினால் திரையில் ஜிலேபி சுற்றும். தப்பு எங்கே என்று தேட நாலே நாலு இடம்தான்.

இதையெல்லாம் நிரந்தரமாகச் சொல்லிவைக்க கான்ஃபிக்.சிஸ் என்று ஒரு ஃபைல். 1983-ல் டாஸ் 2.0-வோடு வந்தது. வரிக்கு ஒரு சாதனம், ஒரு கட்டளை. எனக்கு அது கம்ப்யூட்டர் சமாசாரமாகவே தெரியவில்லை. சுத்தமான டே புக். வேண்டாத வரியை அழிக்க வேண்டியதில்லை. முன்னால் ரெம் என்று மூன்றெழுத்துப் போட்டால் போதும். வரி இருக்கும், வேலை செய்யாது. கணக்குப் புத்தகத்தில் எழுதியதை அடித்துத் திருத்தக்கூடாது, எதிர்ப்பதிவு போடவேண்டும் என்று கல்லூரியில் தலையில் குட்டிச் சொல்லித்தருவார்கள். அதே தர்மம்.

1993-ல் வந்த டாஸ் 6-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போது எஃப்8 அமுக்கினால், அந்த ஃபைலை வரிவரியாகக் காட்டி ஒவ்வொன்றுக்கும் 'ஒய்' அல்லது 'என்' கேட்கும். இதை ஏற்றலாமா? சரி. இதை? வேண்டாம். யோசித்துப் பாருங்கள். மெஷின் உங்களிடம் அனுமதி கேட்கிறது! எந்த வரியில் தகராறு என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உடனே சிலர் புன்னகைப்பது தெரிகிறது. 'அந்தக் காலத்துல நாங்கல்லாம்' ஆரம்பிச்சாச்சுய்யா என்று. கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்லவே இல்லை. நரகமும் அதில் கணிசமாக இருந்தது.

1998. நண்பர் ஒருவரின் கடையில் கம்ப்யூட்டருக்கு உள்ளே மோடம் மாட்டினோம். மோடம் டயல் செய்யும். உடனே மௌஸ் செத்துவிடும். மௌஸை உயிர்ப்பித்தால் லைன் அறுந்துவிடும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சாப்பாடு போயிற்று. விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு சாதனமும் பிராசஸரைக் கூப்பிட ஒரு காலிங் பெல் வைத்திருக்கும். ஐஆர்க்யூ என்பார்கள். முதல் ஐபிஎம் பிசியில் மொத்தமே 8 பெல்தான். 1984-ல் வந்த ஏடி மாடலில் 16, அதில் ஒன்று உள் இணைப்புக்குப் போக 15. மௌஸ் இருந்தது காம்1. மோடம் இருந்தது காம்3. இரண்டுக்கும் 4-ஆம் நம்பர் பெல். மோடம் அடித்தால் மௌஸ் குழம்பும், மௌஸ் அடித்தால் மோடம் குழம்பும். கடைசியில் மோடம் அட்டையில் மிளகு சைஸுக்கு இருந்த ஜம்பரைப் பிடுங்கி காம்4-க்கு மாற்றினேன். அதற்கு 3-ஆம் நம்பர் பெல். அதைக் கேட்க வேறு ஆள் இல்லை. பிரச்னை ஓவர்.

இந்தச் சித்திரவதையை எல்லாரும் அனுபவிக்க வேண்டுமா? கூடவே கூடாது. 1995-ல் விண்டோஸ் 95 'செருகு, ஓட்டு' என்று வந்தபோது, நாலில் ஒரு முறை செருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டியிருந்தது. 1998 ஏப்ரலில் சிகாகோவில், பில் கேட்ஸை மேடையில் வைத்துக்கொண்டு விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டியபோது கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி மல்லாந்ததும் சரித்திரம். ஆனாலும் போகிற திசை சரியான திசை. யுஎஸ்பி வந்தது எவ்வளவு பெரிய நிம்மதி! ஜம்பரும் தெரியாமல், ஐஆர்க்யூவும் தெரியாமல் எழுபது வயது அம்மா வெளிநாட்டுப் பேரனோடு வீடியோவில் பேசுகிறார். இதைக் குறை சொல்பவன் மனுஷனே இல்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். டாஸ் ஆங்கிலம் தெரிந்தவர்களின் கோட்டை. ஓர் எழுத்துப் பிசகினால் தவறான கட்டளை என்று முகத்தில் அடிக்கும். என் சீனியர் கணக்காளர் அந்த வரிகளை மனப்பாடம்தான் செய்திருந்தார். இன்றைக்கு மெனு தமிழில் வருகிறது. பெரிய விஷயம்தான். ஆனால் எதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்? 'ஏதோ தவறு நடந்துவிட்டது.' அறியாமையை அழகுத் தமிழில் கொடுத்துவிட்டால் அது அறிவாகிவிடுமா?

டாஸின் பிழைச் செய்திகளும் முரட்டுத்தனமானவைதான். பிரின்டர் தயாராக இல்லாதபோது பிரின்ட் கொடுத்தால், பிஆர்என் சாதனத்துக்கு எழுதுவதில் பிழை, தயாராக இல்லை என்று சொல்லும். நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்கும். மரியாதை கம்மி. ஆனால் எந்தச் சாதனம், என்ன வேலை, அடுத்து நீ என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருந்தன. இன்றைய செய்தியில் சோகமான பொம்மை முகம் ஒன்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஆக, என் சண்டை எளிமையோடு அல்ல. எளிமையாக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு நடந்த இன்னொரு காரியத்தோடு. கஷ்டத்தை மறைக்கிறேன் என்று ஆரம்பித்தார்கள். கஷ்டத்தோடு சேர்த்து அதிகாரத்தையும் மறைத்துவிட்டார்கள். வீட்டில் ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவர்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். அதற்காக ஃப்யூஸ் பெட்டியைச் சிமென்ட் வைத்துப் பூசி, 'கட்டிய கம்பெனியைத் தவிர யாரும் திறக்கக் கூடாது' என்று எழுதிவைத்தால் ஒப்புக்கொள்வோமா?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெர்சனல் கம்ப்யூட்டர் என்ற சாம்ராஜ்ஜியமே பூசாத பெட்டியில் எழுந்ததுதான். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பிசியை அறிவித்தது. அதன் மதர்போர்டில் இரண்டு வரிசை, வரிசைக்கு 8 குட்டி ஸ்விட்ச். எவ்வளவு மெமரி, எத்தனை டிரைவ், எந்தத் திரை என்று பேனா முனையால் தள்ளிச் சொல்லலாம். எப்படித் தள்ளவேண்டும் என்று புத்தகத்தில் படம். அது போக, டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் என்று தனியாக ஒரு புத்தகம் விற்றார்கள். அதில் சர்க்யூட் வரைபடம் முழுக்க இருந்தது. பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளின் மூல வரிகள்கூட இருந்தன.

ஐபிஎம் என்ன, தர்ம ஸ்தாபனமா? இல்லவே இல்லை. வெளியாட்கள் அட்டை செய்யவேண்டும், மென்பொருள் எழுதவேண்டும், அப்போதுதான் தன் பெட்டி விற்கும் என்ற வியாபாரப் புத்தி. படிக்கலாம், காப்பியடிக்கக் கூடாது என்று காப்பிரைட்டும் போட்டுக்கொண்டது. காம்பேக் போன்றவர்கள் காப்பியடிக்காமல், சொந்தமாக எழுதி, ஒத்துப்போகும் மெஷின்களைக் கொண்டுவந்தார்கள். போட்டி வந்தது. விலை விழுந்தது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, மாட்டி, நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோன ஆயிரக்கணக்கான பையன்களின் பிழைப்பு இந்தத் திறந்த பெட்டியிலிருந்து வந்ததுதான்.

ஐபிஎம்முக்கே பிறகு இது பொறுக்கவில்லை. 1987-ல் பிஎஸ்/2 என்று ஒன்று கொண்டுவந்தது. மைக்ரோ சேனல் என்று புதுவித உள்ளமைப்பு. ஜம்பர் தொல்லை இல்லை, நிஜமாகவே நல்ல டெக்னாலஜி. ஆனால் அதற்கேற்ற மெஷின் செய்ய ஐபிஎம்மிடம் லைசென்ஸ் வாங்கி ராயல்டி கட்டவேண்டும். 1988-ல் காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து, போய்யா என்று சொல்லித் தங்களுக்கென்று வேறு வழி போட்டுக்கொண்டன. பழைய திறந்த அட்டைகளும் ஓடிக்கொண்டேயிருந்தன. மைக்ரோ சேனல்தான் கதவைச் சாத்திக்கொண்டது. வசதி கொடுத்தால் ஜனங்கள் பூட்டை மன்னித்துவிடுவார்கள் என்ற கணக்கு அன்றைக்குத் தப்பிப்போனது.

இன்றைக்கு அந்தக் கணக்கு தப்பவில்லை. அதுதான் என் கவலை.

பிரின்டரைப் பொறுத்தவரை இந்தச் சண்டை என் மகளின் ப்ராஜெக்டில் ஆரம்பித்ததும் இல்லை. அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோக்ராமர். பழைய பிரின்டரில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வருமாறு மென்பொருளை அவரே மாற்றி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரின்டர் வந்தது. அதன் மூல நிரலைக் கேட்டார். தரமுடியாது, ரகசிய ஒப்பந்தம் என்று கைவிரித்துவிட்டார்கள். மனுஷன் மறக்கவில்லை. 1983-ல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு, சுதந்திர மென்பொருள் என்ற இயக்கத்துக்கு, அந்தக் கோபம் ஒரு விதை. காகிதம் எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர். அவ்வளவுதான் அவர் குற்றம்.

2016 செப்டம்பர் 13. ஹெச்பி நிறுவனத்தின் சில ரக பிரின்டர்கள் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் வெளிக் கம்பெனி கேட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. மென்பொருளுக்குள் முன்கூட்டியே வைத்த ஏற்பாடு. கூச்சல் எழுந்தது. சரியாகச் சொல்லாமல் விட்டதற்கு வருந்துகிறோம் என்றார்கள். வேண்டுபவர்கள் பூட்டு இல்லாத மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் பூட்டும் கொள்கையை விட்டுவிடவில்லை.

2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் லெக்ஸ்மார்க் வழக்கு. காலி கேட்ரிட்ஜில் மை நிரப்பி விற்கலாமா கூடாதா என்பது விவகாரம். ஒரு பொருளை விற்ற கணமே அதன் மீதுள்ள பேட்டன்ட் உரிமை தீர்ந்துவிடுகிறது என்று தீர்ப்பு. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் கேட்ரிட்ஜில் இருக்கும் சிப் தீர்ப்பெல்லாம் படிப்பதில்லை. சட்டத்தில் திறந்த கதவை மென்பொருளில் சாத்திவிடலாம். அதற்கு நீதிபதி தேவையில்லை. ஓர் அப்டேட் போதும்.

கம்பெனிகள் என்ன பதில் சொல்லும் என்று எனக்குத் தெரியும். பாதுகாப்பு. நீங்கள் கண்டபடி மாற்றிவிடுவீர்கள், வைரஸ் வந்துவிடும், திருடன் வந்துவிடுவான்.

இதில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். டாஸ் கதவே இல்லாத வீடு. எந்த புரோக்ராமும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். 1986-ல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெய்ன் வைரஸும், 1992 மார்ச் 6-க்கு உலகத்தையே பயந்து உட்காரவைத்த மைக்கேலாஞ்சலோவும் அப்படி உள்ளே நுழைந்தவைதான். இன்று கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கு இருக்கிறது, மருத்துவ ரிப்போர்ட் இருக்கிறது. பூட்டு வேண்டும். சந்தேகமே இல்லை.

ஆனால் ஐயா, சாவி யாரிடம் இருக்கவேண்டும்? வீட்டைக் கட்டிய மேஸ்திரி, திருடன் பயம் இருக்கிறது என்று சொல்லிப் பூட்டும் போட்டு, சாவியையும் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போனால், அது யாருக்கான பாதுகாப்பு? தவிரவும், என் பிரின்டர் தடுத்து நிறுத்தியது எந்தத் திருடனை? முக்குக் கடையில் மை நிரப்பித் தருகிற மனிதரைத்தானே?

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் ஊரில் எந்தப் பொருளும் ஒரு தரம் கெட்டால் குப்பைக்குப் போவதில்லை. மிக்ஸிக்கு ஒருவர், டிவிக்கு ஒருவர், செல்போனுக்கு ஒருவர், பிரின்டருக்கு ஒருவர். அவர்கள் கைத்தொழில் ஒரே ஒரு விஷயத்தை நம்பி இருக்கிறது. திறந்து பார்த்தால் தெரியும் என்பதை. பாகத்தை மாற்றினாலும் சிப் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது என்று ஆனபிறகு, கையில் எத்தனை தேர்ச்சி இருந்து என்ன? நாளை டிராக்டருக்கும் இதே கதி, மருத்துவமனை மெஷினுக்கும் இதே கதி.

அரசாங்கங்கள் தூங்கவில்லை என்பார்கள். நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு வலைத்தளம் ஆரம்பித்தது. வரவேற்கலாம். வலைத்தளம் சட்டம் ஆகாது என்பதையும் கூடவே சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூனில் சட்டமாகவே கொண்டுவந்தது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், செல்போன் என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் பிரின்டர் இல்லை. சிரிப்பதா, அழுவதா?

நான் கேட்பது மலையைப் புரட்டும் சமாசாரம் இல்லை. மூன்றே மூன்று.

ஒன்று, மெஷின் நின்றால் காரணம் சொல்லவேண்டும். ஒரு எண், ஒரு வாக்கியம். 'வெளி மை என்பதால் நிறுத்தினேன்' என்று தைரியமாகச் சொல்லட்டுமே. 'ஏதோ' என்று ஏன் ஒளியவேண்டும்?

இரண்டு, என் மெஷினின் அமைப்புகள் முழுவதையும் நான் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கவேண்டும். எல்லாரும் போய் நோண்டவேண்டிய அவசியமில்லை. வேண்டுபவர் போகட்டும். ஓர் அப்டேட் எதையாவது மாற்றினால், முன்பு என்ன, இப்போது என்ன என்று காட்டட்டும். வேண்டாமென்றால் பழையபடி திருப்பிக்கொள்ளும் வழி இருக்கட்டும். 1993-ல் ஒரு எஃப்8-ல் முடிந்த காரியம் இன்று முடியாதா?

மூன்று, வாரன்டி முடிந்தபிறகு, அல்லது கம்பெனி அந்த மாடலைக் கைகழுவிய பிறகு, சாவியை என்னிடம் கொடுத்துவிடவேண்டும். பொருள் என்னுடையது என்று பில் போட்டுத்தானே கொடுத்தீர்கள்?

பி.காமில் எனக்குப் பாதி பாடம் மறந்துவிட்டது. ஆனால் தணிக்கைப் பாடத்தின் முதல் விதி மறக்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வவுச்சர் வேண்டும். ஒரு கம்பெனி தன் பேலன்ஸ் ஷீட்டில், 'இவ்வளவு ரூபாய் குறைகிறது, ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு பார்க்கவும்' என்று எழுதிக் கொண்டுவந்தால், எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? தன் கணக்கில் ஒரு பைசா விவரம் கேட்டு வாங்குகிற கம்பெனிகள், எனக்குக் கணக்குச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் பொம்மை முகம் காட்டுகின்றன.

ப்ராஜெக்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காலை ஏழு மணிக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் போய் நின்று அடித்து வாங்கினோம். கம்பெனி மை வாங்கிப் போட்ட பிறகு என் பிரின்டர் பழையபடி சமர்த்தாக வேலை செய்கிறது. மாடல் நம்பரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலை கேட்பதற்கு முன்னால் விற்பனையாளரிடம் ஒன்று கேட்கப் போகிறேன். "தம்பி, இது நின்னுபோனா ஏன்னு சொல்லுமா? வெளி மை போட்டா ஏத்துக்குமா?" நீங்களும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் விற்பனையாளர் விழிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் மேலே போய்ச் சொல்வார்.

பதில் தெரியாமல் விழித்தால் என்ன செய்வது என்கிறீர்களா? அவரிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் ரெடியாக வைத்திருக்கிறேன்.

'ஏதோ தவறு நடந்துவிட்டது தம்பி. பிறகு வருகிறேன்.'